கிடைக்காதது இல்லாதது ஆகுமா? அறிவியல் தகவல் தேடலின் நுட்பங்கள்

தேடற்பெட்டியில் சில சொற்களை இட்டு அரை நொடி கழிவதற்குள் விடைகள் வரிசையாக வந்து நிற்பதைக் காணும் ஒருவருக்கு, உலகத்து நூல்களையும் ஆய்விதழ்களையும் தேடுபொறி அந்நொடியிலேயே புரட்டிப் பார்த்துவிட்டதாகத் தோன்றுவது இயல்பே. உண்மையில் தேடுபொறி அந்நேரத்தில் எந்த ஆவணத்தையும் படிப்பதில்லை. எந்தச் சொல் எந்தெந்த ஆவணங்களில் எந்த இடத்தில் வருகிறது என்பதை முன்கூட்டியே தொகுத்து வைத்திருக்கும் ஒரு பெரும் பட்டியலை மட்டுமே அது பார்க்கிறது. நூலின் இறுதியில் அச்சிடப்படும் சொல்லடைவைப் போன்ற இப்பட்டியலைத் தகவல் அறிவியலார் தலைகீழ்ச் சுட்டி என்பர். ஆகவே, ஒரு தேடலுக்குக் கிடைக்கும் விடை உலகைப் பற்றியது அன்று. சுட்டியில் இருப்பவற்றுள், தேடுபவர் இட்ட சொற்களோடு பொருந்துபவற்றைப் பற்றியது மட்டுமே.

பொதுத் தேவைகளுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. பேருந்து நேரத்தைத் தேடுபவருக்கு ஒரு சரியான விடை போதும். ஆனால் ஒரு மருந்து பாதுகாப்பானதா, ஒரு சிகிச்சை பலன் தருமா, ஒரு கருதுகோள் ஏற்கனவே சோதிக்கப்பட்டதா என்பன போன்ற வினாக்களில், கிடைத்த விடைகளைவிடக் கிடைக்காமல் போனவையே சில வேளைகளில் முக்கியமாகிவிடுகின்றன. தேடுதளங்களில் 'மேம்பட்ட தேடல்' என்ற பெயரில் வைக்கப்பட்டிருக்கும் கருவிகளின் உண்மையான பயன் இங்குதான் தொடங்குகிறது. அவை விடைகளை விரைவாகத் தருவதற்கு என்பதைவிட, எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதைத் தேடுபவர் தாமே தீர்மானிப்பதற்காக உருவானவை.

துல்லியமும் முழுமையும்

ஒரு தேடல் எவ்வளவு நல்லது என்பதை அளக்க இரண்டு அளவுகோல்கள் உள்ளன. கிடைத்த ஆவணங்களுள் எத்தனை விழுக்காடு உண்மையில் தேவையானவை என்பது துல்லியம். தேவையான ஆவணங்கள் அனைத்திலும் எத்தனை விழுக்காடு கையில் வந்தன என்பது முழுமை. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு கல்லூரியில் நூலகராக இருந்த சிரில் கிளெவர்டன் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் நடத்திய சோதனைகள் இவ்விரு அளவுகளையும் தேடல் ஆய்வின் அடித்தளமாக நிலைநிறுத்தின. ஒன்றைக் கூட்டினால் மற்றது பொதுவாகக் குறையும் என்பது அச்சோதனைகள் காட்டிய பாடம். வலையை அகலமாக விரித்தால் வேண்டாதவையும் சேர்ந்து வரும், வலையைச் சுருக்கினால் வேண்டியவையும் நழுவும்.

இவற்றுள் துல்லியத்தைத் தேடுபவர் தாமே கண்டுகொள்ள முடியும். விடைகளைப் படித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். முழுமையோ கண்ணுக்குப் புலப்படாதது. வராமல் போனவற்றை எண்ண வழியில்லை. டேவிட் பிளேர், எம். ஈ. மாரன் ஆகிய இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஆபத்தைத் தெளிவாகக் காட்டியது. ஒரு விபத்து தொடர்பான பெரிய வழக்கில், ஏறத்தாழ 40,000 ஆவணங்களும் 3,50,000 பக்கங்களும் கணினியில் ஏற்றப்பட்டு, ஐபிஎம் நிறுவனத்தின் ஸ்டேர்ஸ் என்ற மென்பொருள் வழியே தேடப்பட்டன. தேவையான ஆவணங்களில் குறைந்தது 75 விழுக்காடாவது கிடைத்துவிட்டதாக வழக்கறிஞர்கள் நம்பியிருந்தபோது, ஆய்வாளர்கள் கணக்கிட்ட உண்மையான அளவு சராசரியாக 20 விழுக்காடு மட்டுமே. அதற்குக் காரணம் கணினியின் குறை அன்று, மனிதர் எழுதும் முறையே. ஒரு தரப்பினர் 'விபத்து' என்று எழுதியதை மறுதரப்பினர் 'நிகழ்வு' என்றும் 'சிக்கல்' என்றும் 'நிலைமை' என்றும் குறிப்பிட்டிருந்ததால், முதற்சொல்லை இட்டுத் தேடியவருக்கு மற்றவை அகப்படவே இல்லை.

பூலின் தர்க்கம்

இச்சிக்கலுக்கு முதல் மருந்து, 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கணிதவியலர் ஜார்ஜ் பூலிடமிருந்து வந்தது. அயர்லாந்தின் கார்க் நகரில் பேராசிரியராக இருந்த அவர், 1854இல் வெளியிட்ட நூலில், சிந்தனையின் விதிகளைக் கூட்டல், பெருக்கல் போன்ற குறியீட்டுச் செயல்களாக எழுதிக்காட்டினார். அவருடைய இயற்கணிதம் பின்னாளில் கணினிச் சுற்றுகளுக்கும், அதன்பின் தரவுத்தளத் தேடலுக்கும் அடிப்படையாயிற்று. தேடலில் அது மூன்று இணைப்புச் சொற்களாக நிற்கிறது: இரு சொற்களும் உள்ள ஆவணங்களை மட்டும் தருவது 'ஆண்ட்', ஏதேனும் ஒன்று இருந்தாலும் தருவது 'ஆர்', குறிப்பிட்ட சொல் உள்ளவற்றை நீக்குவது 'நாட்'.

இவற்றின் வேலையை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். மூட்டுத் தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்கு மஞ்சள் பலன் தருமா என்று ஒருவர் அறிய விரும்புவதாகக் கொள்வோம். அவ்வினாவை அப்படியே ஒரு வாக்கியமாக இட்டால், அவ்வாக்கியத்தைத் தலைப்பாகக் கொண்ட விற்பனைப் பக்கங்களே முன்னால் வரக்கூடும். தேர்ந்த தேடுநர் வினாவை முதலில் கருத்துகளாகப் பிரிப்பார். இங்கு மஞ்சள் ஒரு கருத்து, முழங்கால் மூட்டுத் தேய்மானம் மற்றொரு கருத்து. அடுத்து ஒவ்வொரு கருத்துக்கும் ஆய்வாளர்கள் வழங்கும் பெயர்களையெல்லாம் திரட்டுவார். மஞ்சளுக்கு ஆங்கிலப் பெயரான டர்மரிக், தாவரவியற் பெயரான குர்குமா லாங்கா, அதன் முதன்மை வேதிப்பொருளான குர்குமின் ஆகிய மூன்றையும் 'ஆர்' கொண்டு இணைத்து ஓர் அடைப்புக்குறிக்குள் வைப்பார்; மூட்டுத் தேய்மானத்தின் பெயர்களையும் அவ்வாறே மற்றோர் அடைப்புக்குறிக்குள் வைத்து, இரண்டு அடைப்புகளையும் 'ஆண்ட்' கொண்டு பிணைப்பார். அடைப்புக்குறி இங்கு அலங்காரம் அன்று. மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் போன்ற தேடுதளங்கள் இணைப்புச் சொற்களை இடமிருந்து வலமாக வரிசைப்படியே செயல்படுத்துவதால், அடைப்பு இல்லாத தொடர் முற்றிலும் வேறொரு வினாவாக மாறிவிடும்.

'நாட்' என்பதை மட்டும் மிகுந்த எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். விலங்குகளில் செய்த ஆய்வுகள் வேண்டாம் என்று எண்ணி 'விலங்கு' என்ற சொல்லை நீக்கினால், விலங்குகளிலும் மனிதர்களிலும் ஒருசேரச் செய்த ஆய்வுகளும், 'இம்மருந்து இதுவரை விலங்குகளில் மட்டுமே சோதிக்கப்பட்டது' என்று முன்னுரையில் சொல்லிவிட்டு மனிதர்களில் சோதித்த ஆய்வுகளும் சேர்ந்தே மறைந்துவிடும்.

இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்ட தொடர் அதே வரிசையில் தேடப்படுவது துல்லியத்தைக் கூட்டும். சொல்லின் பகுதியை மட்டும் எழுதி உடுக்குறி இடுவது, அப்பகுதியில் தொடங்கும் எல்லா வடிவங்களையும் அழைத்து வந்து முழுமையைக் கூட்டும். ஆனால் ஒரு தளத்தில் செல்லுபடியாகும் குறி மற்றொரு தளத்தில் செல்லாமல் போகலாம் என்பதால், ஒவ்வொரு தளத்தின் உதவிப் பக்கத்தையும் முதலில் படித்துவிடுவது நல்லது.

ஒரு பொருள், பல பெயர்

ஒத்தபொருட் சொற்களை ஒவ்வொருவரும் தாமே திரட்ட வேண்டியிருப்பது பெரும் சுமை. அச்சுமையை நூலகர்கள் கணினிக்கு முன்பே ஏற்றுக்கொண்டிருந்தனர். அமெரிக்க இராணுவ மருத்துவ நூலகத்தின் தலைவரான ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் தொடங்கிய 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற அச்சுப் பட்டியல், உலக மருத்துவ இதழ்களின் கட்டுரைகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தித் தந்தது. அதன் வழித்தோன்றலாக 1971இல் மெட்லைன் என்ற தரவுத்தளமும், 1997இல் பொதுமக்கள் அனைவரும் கட்டணமின்றித் தேடக்கூடிய பப்மெட் தளமும் வந்தன. இன்று பப்மெடில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் உள்ளன.

இத்தொகுப்பின் வலிமை அதன் அளவில் மட்டும் இல்லை. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960இல் 'மெஷ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மருத்துவப் பொருள் தலைப்புகளின் தொகுதியை வெளியிட்டது. இது கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதி எனப்படும். அதாவது ஒரு கருத்துக்கு ஆசிரியர்கள் எத்தனை பெயர்களை வழங்கினாலும், தரவுத்தளத்தில் அதற்கு ஒரே தலைப்பு இடப்படும். இந்தியாவில் பாரசிட்டமால் என்று வழங்கும் மருந்தை அமெரிக்கர் அசிட்டமினோஃபென் என்பர்; ஒரு பெயரை மட்டும் உரைச்சொல்லாகத் தேடுபவர் மற்றப் பெயரில் எழுதப்பட்டவற்றை இழப்பார், மெஷ் தலைப்பைக் கொண்டு தேடுபவரோ இரண்டையும் பெறுவார். தலைப்புகள் மரக்கிளைகளாக அடுக்கப்பட்டிருப்பதால், மூட்டுத் தேய்மானம் என்ற பெருந்தலைப்பைத் தேடினால் அதன் கீழ்க்கிளைகளான முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானங்களும் தாமாகவே சேர்ந்து வரும்.

பப்மெடில் 'ஹார்ட் அட்டாக்' என்று சாதாரணமாக இட்டாலும், தளம் அதை இதயத்தசை இறப்பைக் குறிக்கும் மருத்துவத் தலைப்போடு தானே பொருத்திக்கொள்கிறது. மேம்பட்ட தேடல் பக்கத்தில் உள்ள 'தேடல் விவரம்' என்ற பகுதியைத் திறந்தால் இந்த மொழிபெயர்ப்பு எவ்வாறு நடந்தது என்பதைக் காணலாம். தளம் தம் வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறதா என்று சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை. அதே வேளையில், மெஷ் தலைப்பு இடப்படாத கட்டுரைகளும் பப்மெடில் இருப்பதால், தலைப்பையும் உரைச்சொற்களையும் 'ஆர்' கொண்டு இணைத்துத் தேடுவதே தேர்ந்த நூலகர்களின் வழக்கம்.

தமிழில் அறிவியல் தகவல் தேடுபவருக்கு இவ்வகைத் துணை இல்லாததால் சிக்கல் மேலும் கூர்மையாகிறது. தமிழ்நாட்டில் இயற்பியல், வேதியியல், பாக்டீரியா, ஆக்சிஜன் என்று எழுதப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் பௌதிகவியல், இரசாயனவியல், பற்றீரியா, ஒட்சிசன் என்று வருகின்றன. உயிரணு, செல், கலம் ஆகிய மூன்றும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. மேலும் 'மரம்' என்ற பெயர் வேற்றுமை ஏற்கும்போது 'மரத்தை', 'மரத்தில்' என்று உருமாறுவதால், எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் தேடல் பல பக்கங்களைத் தவறவிடும். எல்லா வடிவங்களையும் 'ஆர்' கொண்டு கோத்துத் தேடுவதே இப்போதைக்கு நம்பகமான வழி.

புலங்களும் வடிகட்டிகளும்

ஒரு கட்டுரையின் பதிவில் தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, ஆய்வுச்சுருக்கம் எனப் பல புலங்கள் உண்டு. குர்குமின் என்ற சொல் கட்டுரையின் தலைப்பிலேயே வந்தால் அது அதைப் பற்றிய கட்டுரையாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. உரையின் ஓரத்தில் ஒருமுறை வந்தால் அவ்வாறு கொள்ள இயலாது. எனவே தேடலைத் தலைப்புக்கும் சுருக்கத்துக்கும் மட்டும் வரையறுப்பது வேண்டாதவற்றைப் பெருமளவு களையும். பொதுத் தேடுபொறிகளிலும் இத்தகைய வசதி உண்டு. கூகுளில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு முக்காற்புள்ளி இட்டு ஒரு தளத்தின் முகவரியை எழுதினால் அத்தளத்துக்குள் மட்டும் தேடலாம், 'ஃபைல்டைப்' என்ற சொல்லால் பிடிஎஃப் கோப்புகளை மட்டும் கேட்கலாம். அரசுத் துறைகளின் அறிக்கைகளும் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் பெரும்பாலும் பிடிஎஃப் வடிவில் புதைந்து கிடப்பதால், இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது நல்ல பலன் தரும்.

இவற்றைவிட முக்கியமானது சான்றின் வகையைக் கொண்டு வடிகட்டுவது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சோதனையும், அத்தகைய சோதனைகள் பலவற்றை வரையறுத்த முறைப்படி தேடித் தொகுத்து எடைபோடும் முறைசார் மதிப்பாய்வும், சோதனைக் குழாயில் செய்த ஆய்வும் ஒரே தரத்தன அல்ல. குர்குமினைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உள்ளன என்பது ஒரு செய்தி. 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், நோயாளி, ஆய்வாளர் ஆகிய இரு தரப்புக்கும் எது மருந்து என்பது மறைக்கப்பட்டு, போலி மருந்தோடு ஒப்பிடப்பட்ட சோதனை எதிலும் அது வெற்றி காணவில்லை என்று 'ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி' இதழ் 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வு கூறியது மற்றொரு செய்தி. முதற் செய்தி எவ்விதத் தேடலிலும் கிடைக்கும். இரண்டாவது, மதிப்பாய்வுகளை மட்டும் தனியே கேட்பவர் கண்ணில் எளிதில் படும்.

மேற்கோள் என்னும் வழித்தடம்

சொற்களை நம்பாத மற்றொரு தேடல் முறையும் உண்டு. ஒரு கட்டுரையின் இறுதியிலுள்ள மேற்கோள் பட்டியல் அதற்கு முந்தைய ஆய்வுகளைக் காட்டும். ஆனால் அக்கட்டுரையைப் பின்னர் யார் யார் எடுத்தாண்டனர் என்பதை அக்கட்டுரையே சொல்ல இயலாது. அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு 1955இல் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார். ஒரு தீர்ப்பு பின்வந்த தீர்ப்புகளில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதைப் பட்டியலிடும் சட்டத்துறை வழக்கம் அந்நாட்டில் முன்பே இருந்தது; அதை அறிவியலுக்குக் கொண்டுவந்து, 1960களில் அறிவியல் மேற்கோள் சுட்டியை வெளியிட்டார். 2004இல் தொடங்கிய கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு விடையின் கீழும் காணப்படும் மேற்கோள் எண்ணிக்கை இணைப்பு அதே கருத்தின் இன்றைய வடிவம். அவ்விணைப்பைச் சொடுக்கினால் அதை எடுத்தாண்ட பின்வந்த கட்டுரைகள் வரும். அவற்றுக்குள் மட்டும் மீண்டும் சொற்களை இட்டுத் தேடவும் முடியும். ஆசிரியர்கள் எந்தப் பெயரை வழங்கினாலும் மூலக் கட்டுரையைச் சுட்டியே ஆகவேண்டும் என்பதால், சொற்றேடல் தவறவிட்டவை இவ்வழியில் அகப்படும்.

எத்தனை முறை எடுத்தாளப்பட்டது என்பது மட்டும் உண்மைக்குச் சான்றாகாது. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 1980இல் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியாயிற்று. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் அபினி வகை வலிநீக்கி பெற்ற 11,882 பேரின் பதிவுகளில், அம்மருந்துக்கு அடிமையானவர்கள் நால்வரே என்று அது கூறியது. அக்கடிதத்தை எடுத்தாண்ட 608 வெளியீடுகளை 2017இல் ஆராய்ந்தவர்கள், அவற்றுள் 439 அதை 'அடிமையாதல் அரிது' என்பதற்குச் சான்றாகக் காட்டியதையும், அந்நோயாளிகள் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்தவர்கள் என்ற நிபந்தனையை 491 வெளியீடுகள் சொல்லாமல் விட்டதையும் கண்டனர். மேற்கோள் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்று மூலத்தை ஒருமுறை படித்திருந்தால், வீட்டில் மாதக்கணக்கில் அம்மாத்திரைகளை உண்போருக்கு அம்முடிவு பொருந்தாது என்பது விளங்கியிருக்கும். அதேபோல், பிழையோ முறைகேடோ கண்டறியப்பட்டுத் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் பின்னரும் எடுத்தாளப்படுவது உண்டு. பப்மெட் அத்தகையவற்றின் மேல் அறிவிப்பு இடுவதால், கட்டுரையின் நகலை வேறிடத்தில் பெற்றவரும் அதன் பதிவை அங்கு ஒருமுறை பார்ப்பது பயன் தரும்.

சுட்டியின் எல்லை

இதுவரை கூறிய நுட்பங்கள் அனைத்தும் சுட்டிக்குள் இருப்பவற்றைக் கண்டெடுக்க உதவுபவை. சுட்டியிலேயே இல்லாததை எந்த நுட்பமும் கொண்டுவராது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001இல் நடந்த ஆஸ்துமா ஆய்வொன்றில், ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவர் ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை உள்ளிழுத்தபின் நுரையீரல் செயலிழந்து இறந்தார். ஒரு காலத்தில் இரத்த அழுத்தத்துக்குத் தரப்பட்ட அம்மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்பதைக் காட்டும் கட்டுரைகள் 1950களிலேயே வெளிவந்திருந்தன. ஆய்வுக்கு முன் பப்மெடில் தேடியபோது அவை கிடைக்கவில்லை. ஏனெனில் அன்று அத்தளத்தின் பதிவுகள் பொதுவாக 1966இலிருந்தே தொடங்கின, அதற்கு முந்தையவற்றை அச்சுப் பட்டியல்களில்தான் தேட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க அரசு, தன் நிதியில் அங்கு நடந்த மனித ஆய்வுகள் பெரும்பாலானவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

காலத்தைப் போலவே மொழியும் ஓர் எல்லை. புண்ணை ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்து, சமஸ்கிருத, உருது, இந்தி நூல்கள் உள்ளிட்ட 32 சான்றுகளை முன்வைத்து, 1997இல் அவ்வுரிமையை நீக்கச் செய்தது. புதுமையானது அன்று என்பதற்கான சான்று பல நூற்றாண்டுகளாகவே இருந்தது. காப்புரிமை ஆய்வாளர் தேடும் மொழியிலும் வகைப்பாட்டிலும் அது இல்லை. இக்குறையைப் போக்க 2001இல் தொடங்கப்பட்ட மரபுசார் அறிவு எண்ம நூலகம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளையும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தந்து, பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டோடு அவற்றை இணைத்தது. பழைய நூல்களில் இருந்த அறிவு தேடப்படக்கூடிய அறிவாக மாறியது அவ்விணைப்பினால்தான்.

சுட்டிக்குள்ளேயே இருந்தும் ஒன்றோடொன்று சேராத அறிவும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன் 1986இல், மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்னும் கட்டுரைகளையும், குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனோ நோயில் அப்பிசுபிசுப்பு மிகுந்திருக்கிறது என்னும் கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, இவ்வெண்ணெய் அந்நோய்க்கு உதவக்கூடும் என்ற கருதுகோளை முன்வைத்தார். இரண்டு தொகுதிகளும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டாததால், இரு பெயர்களையும் 'ஆண்ட்' இட்டுத் தேடியவருக்கு வெற்றுப் பக்கமே கிடைத்திருக்கும். இடையில் நின்ற பொதுச்சொல்லைப் பிடித்ததே அவருடைய நுட்பம். சில ஆண்டுகளுக்குள் ஒரு சிறிய மருத்துவச் சோதனை அக்கருதுகோளுக்கு ஆதரவாக அமைந்தது.

தேடலைப் பதிவு செய்தல்

முறைசார் மதிப்பாய்வு எழுதுவோர் இதனால்தான் தேடலையும் ஆய்வின் ஒரு பகுதியாகவே நடத்துகின்றனர். எந்தெந்தத் தரவுத்தளங்களில், எந்த நாளில், எந்தச் சொற்களை எவ்வாறு இணைத்துத் தேடினர், எத்தனை விடைகள் வந்தன, எத்தனையை எக்காரணத்தால் நீக்கினர் என்பதையெல்லாம் அவர்கள் கட்டுரையோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்று பிரிஸ்மா என்ற பன்னாட்டு நெறிமுறை வலியுறுத்துகிறது. அவ்விவரம் இருந்தால் வேறொருவர் அதே தேடலை மீண்டும் செய்து சரிபார்க்கவும், விடுபட்ட சொல்லைச் சுட்டிக்காட்டவும் முடியும். ஆய்வாளர் அல்லாத வாசகருக்கும் இப்பழக்கம் எட்டாதது அன்று. இட்ட சொற்களையும் தளத்தின் பெயரையும் தேதியையும் ஒரு வரியில் குறித்து வைத்தாலே போதும்.

'இதற்குச் சான்று எதுவும் இல்லை' என்ற கூற்று அறிவியல் விவாதங்களிலும் செய்திகளிலும் அடிக்கடி வருவது. அக்கூற்றைச் சொல்பவர் எங்கே, எந்தப் பெயர்களால், எந்தக் காலத்திலிருந்து, எந்த மொழிகளில் தேடினார் என்பது தெரியாதவரை, அது ஆய்வின் முடிவாகாது, ஒரு தேடற்பெட்டியின் மௌனம் மட்டுமே. அந்நான்கு விவரங்களும் உடன் வந்தால், வெறுங்கையோடு முடிந்த தேடலும் அடுத்தவர் தம் தேடலைத் தொடங்குவதற்குரிய அறிவியல் தகவலாகிவிடுகிறது.